ஸஹாப்தீன் வீட்டு இரண்டு மணிகள்

நான் சொல்வதில் பாதியைத்தான் இந்த ஊர் நம்பும். எந்தப் பாதியை நம்புவது என்பதில் ஊருக்குள் ஒற்றுமை கிடையாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மாத்தளையிலிருந்து றத்தோட்டைக்குப் போகும் பாதையில், என் வீட்டுக்குப் பக்கத்தில், ஸஹாப்தீனின் சில்லறைக் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. அவனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. கடைக்கு வந்துபோகிறவர்களில் பலருக்கு அது பல வருஷமாகத் தெரியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்கடுவை பஸ் கண்டக்டர் ஒருவர் சட்டைப் பொத்தான் அறுந்துபோய், "தம்பிக்கு நல்ல பார்வை போல ஈக்கி, இந்த ஊசியில நூலக் கோத்துத் தாங்க" என்று அவனிடமே கேட்டார். ஸஹாப்தீன் கோத்துக் கொடுத்தான்.

வாப்பா மௌத்தான பிறகு அந்த வீட்டில் அவன் தனி ஆள். எந்தச் சாமான் எந்தத் தட்டில், எந்த மூலையில் என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. கையை நீட்டினால் சீனி டின் தானாக வந்து கையில் ஏறும். தடி கிடையாது, தடவல் கிடையாது. நானோ இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் தினமும் தேடுகிறவன். சில நாள் அதைப் போட்டுக்கொண்டே தேடியிருக்கிறேன்.

அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்தது நான்தான். பெண் ஜெஸீமா, நாவுலையில் மிளகாயும் வெங்காயமும் பயிரிடுகிற புஹாரியின் மகள், என் மனைவி றாபியாவுக்குச் சொந்தம். நல்ல பிள்ளை. ஒரேயொரு குறை, சுத்தம். நாவுலைப் பெண்கள் ஒரு சாமானை எடுத்த இடத்தில் வைக்க மாட்டார்கள். அது இருக்க வேண்டிய இடத்தில் வைப்பார்கள்.

வந்த கிழமையே அவள் புருஷனுடைய வீட்டை ஆசை ஆசையாக ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள். மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் தேங்காயெண்ணெய் இருப்பது சரியில்லை என்று இடம் மாற்றினாள். அன்றைக்குப் பின்னேரம், தினமும் பீடி வாங்க வருகிற றஹீம் தலைக்கு எண்ணெய் வாங்கிப் போனான். அப்புறம் ஒரு கிழமை அவன் பீடி பற்றவைக்கவில்லை. பெண்சாதி அவனை அடுப்படிப் பக்கம் விடவும் இல்லை. அடுத்து, கூட்டுவதற்காக நகர்த்திய முக்காலியில் ஸஹாப்தீன் தடுக்கி விழுந்தான். அந்த வீட்டில் அவன் விழுந்தது அதுதான் முதல் தடவை. அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். அவள் அழுதாள்.

அதன் பிறகு எதை மாற்றினாலும் உடனே போய்ச் சொல்வது என்று வைத்துக்கொண்டாள். சட்டியை மாற்றுவாள், கையைத் துடைத்துக்கொண்டு கடைப் பக்கம் போய்ச் சொல்வாள். அவள் கை துடைக்கிற நேரத்துக்குள் அவன் பழைய இடத்தில் கை வைத்திருப்பான். அது சரிவரவில்லை என்று, சொல்லிவிட்டு மாற்றுவது என்று முறையைத் திருப்பினாள். ஒரு நாள் அடுப்படியிலிருந்தபடியே, "கேத்தல ஜன்னலடிக்கு மாத்துறேங்க" என்று சத்தம் கொடுத்தாள். யாருக்கோ தேத்தண்ணி ஊற்ற வந்த ஸஹாப்தீன் அதைக் கேட்டு நேரே ஜன்னலடிக்குப் போனான். கேத்தல் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. அவள் கையில், வழியில் இருந்தது. கொதிதண்ணீர் அவன் மணிக்கட்டில் கொட்டியது.

றாபியா ஓடிப்போய்த் தேன் தடவிச் சீலை சுற்றிவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் ஜெஸீமா மதிலடிக்கு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு மதில் உண்டு. எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. மதில்தான் குட்டை.

"மாமா, நாவுல பஸ்ஸில வாப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்க. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி வந்து என்னக் கூட்டிட்டுப் போகட்டும்."

"என்னத்துக்கு மகள்? சண்டையா?"

"சண்ட பிடிச்சாப் பரவாயில்லயே. ஏசவும் மாட்டாரு. சுட்ட கையப் பின்னால ஒளிச்சிட்டு, 'தேத்தண்ணி நல்லா ஈக்கி புள்ள' எண்டு சொல்றாரு." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நான் வாறதுக்கு முந்தி அவரு ஒரு நாளும் விழல்ல மாமா. நான் இல்லாட்டி அவருக்கு ஒண்டும் நடக்காது."

"அப்ப எதையும் மாத்தாம இரேன்."

"ஏலாது மாமா. வீடெண்டா கூட்டணும், மொழுகணும், அரிசி காய வெக்கணும். நாளைக்கி ஒரு புள்ள கிடச்சா அதத் தொட்டில்லயே கட்டி வெக்க ஏலுமா?"

மாட்டிக்கொண்ட நேரங்களில் நான் இருமுவது வழக்கம். இருமினேன்.

நாவுலை பஸ்ஸில் சொல்லி அனுப்பிவிட்டு, கடைக்குப் போய் ஸஹாப்தீனிடம் பேசிப் பார்த்தேன். அவன் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான்.

"அவ சொல்றது சரிதான் நானா," என்றான், என்னை அண்ணன் முறை வைத்து. "அவ போனா நான் விழமாட்டேன்." தராசுத் தட்டைத் தட்டிவிட்டுச் சொன்னான்: "விழாம இருந்து நான் என்ன செய்ய?"

கல்யாணம் பேசியவனுக்கு இதைக் கேட்ட பிறகு சோறு இறங்குமா? இறங்கியது. ஆனால் ருசியில்லை.

அந்த நாட்களில் என் முன்னறையில் ஞானசுந்தரம் என்று ஒருவர் வாடகைக்கு இருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் பாலம் கட்டுகிற அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்றில் கம்ப்யூட்டருக்கு வேலை செய்கிறவர். அது எழுபத்து நாலாம் ஆண்டு. கம்ப்யூட்டர் என்றால் ஒரு வீடளவு என்றும், அதற்குக் குளிரூட்டிய அறை என்றும், ஞானசுந்தரத்துக்கு மட்டும் மேலே ஒரு மின்விசிறி என்றும் அவரே சொன்னார். அந்த மெஷின் மாதத்துக்கு ஒரு தடவை பைத்தியக்காரத்தனம் செய்யுமாம். ஏன் என்று கண்டுபிடிக்க முடியாமல் இவருக்குத் தூக்கம் போய்விட்டது. மேலதிகாரி லீவு கொடுத்து, கண்டிக்குப் போய்த் தூங்கும் என்று அனுப்பினார். ரயிலில் ஏறியதும் தூங்கிவிட்டார். கண்டி போய்விட்டது. மாத்தளைக்கு அப்பால் தண்டவாளம் இல்லாததால் இங்கே எழுப்பினார்கள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது கேத்தல் கதையை அவரிடம் சொன்னேன். சோற்றுக் கை அந்தரத்தில் நிற்க, "இதுதான்! இதேதான்!" என்று கத்தினார். மீன் முள் சிக்கிவிட்டது என்று நினைத்து றாபியா முதுகில் இரண்டு போட்டாள்.

"முள்ளில்லை அக்கா, விடுங்கோ. நானா, திருப்பிச் சொல்லுங்கோ. அவ முதல்ல கேத்திலை எடுத்தவவோ, முதல்ல சொன்னவவோ?"

"முதல்ல எடுத்துப் பாத்தா, அதுக்கும் பட்டான். முதல்ல சொல்லிப் பாத்தா, அதுக்கும் பட்டான்."

"என்ரை மெஷினிலையும் உதுதான் நடக்குது!" ஒரு மனிதனுக்குக் கை வெந்த செய்தியில் இவ்வளவு சந்தோஷப்பட்டவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. "அந்த மெஷினுக்கு ஒரு சின்ன மேசை இருக்கெண்டு நினையுங்கோ. கெதியா வேலை நடக்கும், ஆனா இடம் காணாது. பக்கத்து அறையில பெரிய அலுமாரி. மிச்சப் பக்கங்கள் எல்லாம் அங்கை. எந்தப் பக்கம் எங்கையெண்டு சுவரில ஓர் அட்டவணை. வேலை செய்யிறவன் கேக்கிற பக்கம் மேசையில இல்லையெண்டால், அவனை நிப்பாட்டிப்போட்டு அலுமாரியிலையிருந்து எடுத்து வரவேணும். மேசையில இடமில்லாட்டி வேறொரு பக்கத்தைத் திருப்பி அனுப்பவேணும். அனுப்பினால் அட்டவணையையும் மாத்தவேணும்."

"மாத்திட்டாப் போச்சே."

"எப்ப மாத்துறது நானா? தூக்க முன்னமோ, தூக்கின பிறகோ? முன்னம் மாத்தினால், இன்னும் வந்து சேராத இடத்தில ஒருத்தன் கை வைப்பான். பிறகு மாத்தினால், போன பக்கம் இன்னும் இருக்கெண்டு நம்பி எழுதுவான். அது அந்த இடத்துக்குப் புதுசா வந்த மற்றவன்ரை பக்கத்தில போய் விழும். போன மாசம் ஒரு பாலத்துக்கு ஓவர்டைம் சம்பளம் போட்டுது."

"பாலம் வாங்கிக்கிச்சா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எப்பவாவது, ரெண்டு வேலையும் ஒரே நொடியில மோதினால்தான் நடக்கும். நான் பாத்துக்கொண்டு நிண்டால் நடக்கவே நடக்காது."

"ஸஹாப்தீனும் நான் பாக்கக்குள்ள விழுறதில்ல," என்றேன்.

பிறகு அவர் சோற்றை மறந்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். ஒருவர் சாமானை மாற்றும்போது மற்றவர் எதையும் தொடக்கூடாது. அதற்கு அடையாளமாக ஒரு மணி. சாமானைத் தொடப் போகிறவர் முதலில் மணி அடிக்க வேண்டும். அதைக் கேட்டவர் நின்ற நிலையில் நிற்க வேண்டும். வேலை முடிந்து, இடத்தையும் சொல்லி, இரண்டாம் தடவை மணி அடிக்கும் வரை அசையக்கூடாது. நான் லாபிரின் சைக்கிள் கடைக்குப் போய் இரண்டு பழைய மணி வாங்கி வந்தேன். ஒன்றை அடுப்படி வாசலில் பூட்டினோம். மற்றதைக் கடை மேசையில் பூட்டினோம்.

"நாவுலைக்குச் சொல்லி அனுப்பினது அனுப்பினதுதான் மாமா," என்றாள் ஜெஸீமா. "வாப்பா வெள்ளிக்கிழம வருவாங்க. அதுவரைக்கும் அடிச்சிப் பாக்கிறேன்." அவளுடைய உடுப்பு மூட்டை வாசல் பக்கம் தயாராக இருந்தது.

வியாழக்கிழமை காலை மணிகள் வேலை தொடங்கின. முதலில் நன்றாகத்தான் போனது. அவள் அடித்தாள், அவன் நின்றான். அவன் அடித்தான், அவள் நின்றாள். பாதையில் சைக்கிள்களும் போகும் என்பதை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. சைக்கிளில் ரொட்டி விற்கிற பாண்காரன் வளைவில் மணி அடித்துக்கொண்டு போனான். ஸஹாப்தீன் கரண்டியில் சீனியோடு அப்படியே நின்றுவிட்டான். பாண்காரன் றத்தோட்டைக்குப் போய்விட்டான். இரண்டாம் மணி வரவில்லை. ஸஹாப்தீனும் அசையவில்லை. அவ்வளவு நேரத்துக்குள் தராசுத் தட்டில் ஒரு கோழி ஏறி முட்டையிட்டது. றாபியா இதை மறுப்பாள். அந்த முட்டையைப் பொரித்ததே அவள்தான்.

ஞானசுந்தரம் சுத்தியலால் இரண்டு மணியையும் கொஞ்சம் நசுக்கி, பாதையில் போகிற எந்தச் சைக்கிளுக்கும் இல்லாத ஒரு தகரச் சத்தத்தை உண்டாக்கினார். "இனிப் பிரச்சினை இல்லை," என்றார். மதிலடியில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தார். துணைக்கு நானும் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கடையின் பக்கவாசல் வழியாக இரண்டு மணியும் தெரியும். மதிலைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

பின்னேரம் றஹீம் வந்து பீடிக்கட்டு கேட்டான். தலையில் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாசம் இருந்தது. ஸஹாப்தீன் பீடி எடுக்க மணியடித்தான். அதே நொடியில், உள்ளே அரிசிப் பீப்பாவை நகர்த்த ஜெஸீமாவும் மணியடித்தாள்.

இரண்டு பேரும் நின்றார்கள்.

அவள் அடுப்படி வாசலில். அவன் கடை மேசைக்கு அந்தப் பக்கம். ஆளுக்கு ஆள் முகம் நேராக, ஒரு கை மணியில், ஒரு கை அந்தரத்தில். மற்றவர் அடித்து முடிக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். றஹீம் மேசையைத் தட்டினான், இருமினான். யாரும் அசையவில்லை.

ஞானசுந்தரம் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்குதுகள். இனி விடியும்வரைக்கும் உப்பிடித்தான் நிக்கும். எங்கடை மெஷினுக்கும் இந்த வருத்தம் வாறது."

"உங்கட மெஷின் சிரிக்குமா தம்பி?" என்றேன்.

ஏனென்றால் ஜெஸீமாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அடுப்பைப் பார்த்திருக்கிறாள், தட்டுகளைப் பார்த்திருக்கிறாள், அவன் காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்திருக்கிறாள். இவ்வளவு நேரம் நின்று அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு வேலை விட்டதில்லை. இப்போது பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவனுடைய முகமோ, சத்தம் வருகிற பக்கம் திரும்பி, மூக்கில் பருப்புத் தூசியோடு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் ஏற்றிவிட்ட பிள்ளையின் முகம் போல இருந்தது.

"புள்ள," என்றான் அவன், உதட்டை மட்டும் அசைத்து. "நீ இன்னும் நிக்கிறியா?"

"நீங்க மணி அடிச்சீங்களே."

"நீயும்தானே அடிச்சாய்."

"அப்ப ரெண்டாவது மணிய யாரு அடிக்கிற?"

"அடிக்கிறதெண்டா அசையணுமே."

அவளுக்கு அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ஸஹாப்தீனும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவன் தலையைச் சாய்த்து, அது எங்கிருந்து வருகிறது என்று மனதில் குறித்து வைத்துக்கொண்டான்.

"சரி, நீங்க நில்லுங்க. நான் வாறேன்," என்றாள். மணியை விட்டுவிட்டு நேரே வந்து, அந்தரத்தில் நின்ற அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். சீலை சுற்றிய கையை அல்ல, மற்றதை.

"இத முந்தியே செஞ்சிருக்க ஏலுமே," என்றான் ஸஹாப்தீன்.

"பகல்ல, கடையில வெச்சி, புருஷன்ட கையப் பிடிச்சிட்டு நிண்டா சனம் என்ன சொல்லும்?"

அவள் கேட்டது நியாயம். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் புருஷனும் பெண்சாதியும் வெளிச்சத்தில் கைகோத்து நின்றதை யாரும் கண்டதில்லை. பாதையில் போனால் அவர் முன்னால், அவள் நாலடி பின்னால். நானும் றாபியாவும் இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் நடந்தோம். ஒரு தடவை சந்தைக்குள் நான் வேறு யாரையோ கூட்டிக்கொண்டு பாதி வழி வந்துவிட்டேன். இரண்டு மணி வாங்கத் தெரிந்த எங்களில் ஒருவருக்கும் கையைப் பிடிக்கலாம் என்று தோன்றாமல் போனதற்கு வேறு காரணம் இல்லை.

"சனம் ஒண்டும் சொல்லாது தங்கச்சி," என்றான் றஹீம். "எனக்கு பீடி தந்தாப் போதும்."

கையை விடாமலே இரண்டு பேரும் பீடித் தட்டுக்குப் போனார்கள். அப்புறம் உள்ளே போய் அரிசிப் பீப்பாவைச் சேர்ந்து பிடித்து நகர்த்தினார்கள். அவளுடைய கையின் மேல் அவனுடைய கை இருந்தது. பீப்பா எங்கே போய் நின்றதோ அங்கே அவனும் நின்றான். சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போனது. பிறகு ஒரு கிழவி உப்பு கேட்டாள். உப்பு எங்கே என்று ஜெஸீமா காலையில்தான் அவனிடம் சொல்லியிருந்தாள். இருந்தும் அவன் முதலில் ஜெஸீமாவின் கையைத் தேடிப் பிடித்து, அதன் பிறகு, "இப்ப எங்க ஈக்கி?" என்று கேட்டான். "இப்பதான் மேல் தட்டுக்கு மாத்தினேன்," என்றாள் அவள்.

ஞானசுந்தரம் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "கையைப் பிடிச்ச பிறகு இன்னொருக்கால் கேக்கிறார், பாத்தீங்களோ நானா? என்ரை மெஷினிலையும், ஒருத்தன் வேலை முடியும்வரைக்கும் மற்றவன் காத்து நிக்கட்டும் எண்டு நான் பூட்டுப் போட்டு வைச்சனான்தான். ஆனா பூட்டுக்குக் காத்து நிண்டவன், தன்ரை முறை வந்த பிறகு, அட்டவணையைத் திரும்பப் பாக்கவேணும் எண்டு நான் எழுதேல்லை. காத்து நிண்ட நேரத்துக்குள்ள அது மாறியிருக்குமே! பழைய நினைப்பிலை போய்க் கை வைச்சிருக்கிறான்!"

அன்றைக்கே கடைசி ரயிலில் ஏறிப் போனார். அவருடைய மெஷின் அதற்குப் பிறகு எந்தப் பாலத்துக்கும் சம்பளம் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்கும் பங்குண்டு. மணி வாங்கியது நான்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத்தான் வந்தது. ஜும்ஆ முடிந்து மழைக்குள் நாவுலை பஸ்ஸால் புஹாரி இறங்கினார். என்னிடம் ஸலாம் சொன்ன விதத்திலேயே, ஏன் மச்சான் என் பிள்ளையை இப்படி ஓரிடத்தில் கொடுக்க வைத்தாய் என்ற கேள்வி இருந்தது. நான் பேசாமல் அவரோடு கூடவே ஸஹாப்தீனின் வீட்டுக்குள் போனேன்.

வாசல் பக்கம் இருந்த மூட்டையைக் காணவில்லை.

உள்ளறையில் ஸஹாப்தீனுடைய வாப்பாவின் பழைய அலுமாரி திறந்து கிடந்தது. மூட்டை கட்டிலில் அவிழ்ந்திருந்தது. ஜெஸீமா ஒரு சீலையை எடுத்தாள். அவனுடைய கையை அதன் மேல் வைத்தாள். இரண்டு பேருமாக அதைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தார்கள்.

"இது என்ன நிறம்?" என்றான் அவன்.

"பச்ச."

"பச்ச இடது பக்கம்," என்று சொல்லிக்கொண்டான். அந்த வீட்டிலுள்ள ஒவ்வொரு ஆணியும் தெரிந்தவனுக்கு, பெண்சாதியின் ஒரு துணிகூட எங்கே இருக்கிறது என்று அதுவரை தெரியாது. அவள் அவற்றை எங்கேயும் வைத்திருக்கவில்லை. வந்த நாளிலிருந்து மூட்டையில்தான் இருந்தன.

புஹாரி தொண்டையைச் செருமினார். "போவமா மகள்?"

"கொஞ்சம் நில்லுங்க வாப்பா. நாங்க சாமான் வெக்கிறோம்."

அவர் நின்றார். அடுத்த சீலையும், அதற்கடுத்ததும் போயின. மூட்டை முடிகிற நேரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். பெரிதாக ஒரு மூச்சு விட்டு, நனைந்த குடையைக் கதவோரம் சாத்தப் போனார்.

"வாப்பா!" ஜெஸீமா அதட்டினாள். "அங்க வெக்காதீங்க! இந்த வீட்டில கேக்காம ஒண்டும் வெக்க ஏலாது."

நாவுலையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர், சொட்டுகிற குடையோடு வாசலில் நின்றார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் இருமினேன்.

"இத எங்க வெக்க, மருமகன்?" என்று கேட்டார்.

ஸஹாப்தீன் குரல் வந்த பக்கம் கையை நீட்டினான்.